கண்டோர் கூற்றும் காணாமற்போன பெண்ணும்: 'சுழல்' தொடரில் ஜோடிப் பொருத்தமும் நடிப்பு மதிப்பீடும்

ஆய்வுச்சுருக்கம்

குற்றப்புனைவுத் தொடர்களைப் பார்ப்போர், பாத்திரங்களுள் யாருக்கு யார் பொருத்தம் என உரைக்கும் கருத்துகளை அகமரபின் 'கண்டோர் கூற்று' என்னும் கருத்தாக்கத்தோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது. 'சுழல்' (2022) இணையத்தொடர் பார்வையாளரின் இணைசேர்க்கும் விருப்பத்தையே குற்றத்தை மறைக்கும் திரையாகப் பயன்படுத்துகிறது என்பதும், அவ்விருப்பத்தை அளவுகோலாகக் கொண்ட நடிப்பு மதிப்பீடு தொடரின் முதன்மையான நடிப்புகளைத் தவறவிடுகிறது என்பதும் இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: சுழல், கண்டோர் கூற்று, உடன்போக்கு, ஜோடிப் பொருத்தம், மெய்ப்பாடு, மயானக் கொள்ளை

முன்னுரை

குற்றப்புனைவுத் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்தவர்கள், குற்றவாளி யார் என்பதைக் காட்டிலும் யாரும் யாரும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதையே நெடுநேரம் பேசுகிறார்கள். வகுப்பறை முடிந்த தாழ்வாரத்திலும் தேநீர்க் கடையிலும் இப்பேச்சைக் கேட்கலாம். திறனாய்வுலகம் இதனைப் பொழுதுபோக்குப் பேச்சு என ஒதுக்குவதே வழக்கம். தொடரின் கதைக்கட்டு, சாதி, பாலினம், முதலாளியம் ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுவோரும் இந்தப் பேச்சைத் தொடுவதில்லை. ஆனால் பார்வையாளர் தொடருக்குள் நுழையும் வாயில் பெரும்பாலும் இதுவே. தொடரை எழுதுவோர் இதனை நன்கறிந்தே எழுதுகின்றனர்.

புஷ்கர்–காயத்ரி எழுத்தில், பிரம்மா, அனுசரண் ஆகியோர் இயக்கத்தில், 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் தளத்தில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த 'சுழல்' இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கதையின் முடிவு இக்கட்டுரையில் வெளிப்படையாகவே பேசப்படும். முடிவைச் சொல்லாமல் இத்தொடரின் காதலைப் பற்றிப் பேச இயலாது.

கண்டோர் துப்பறிந்த கதை

காதலர் இருவரைப் பார்த்துக் கருத்துரைக்கும் மூன்றாமவருக்குத் தமிழ் இலக்கணம் தனிப்பெயரும் தனியிடமும் தந்திருக்கிறது. தலைவியும் தலைவனும் பாலைவழியே செல்வதைக் காணும் கண்டோர் எவ்வெவ்விடங்களில் பேசலாம் என்பதைத் தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கிறது. காதலர்க்கு இரங்குதல், பொழுதும் வழியும் அஞ்சத்தக்கன என்று எச்சரித்தல் ஆகியவற்றோடு, தேடிவரும் தாயைத் தடுத்தலும் போகவிடுதலும் அவற்றுள் அடங்கும். கண்டோர் கதைக்குள் வருபவர்கள். ஆனால் கதையில் அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. இன்றைய ரசிகருக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி நம் மரபில் இல்லை.

குறுந்தொகையின் 7ஆம் பாடல் இங்கே சிறப்பாக நோக்கத்தக்கது. வழியில் எதிர்ப்பட்டோர் இருவரின் முகத்தைப் பற்றி அப்பாடல் பேசவில்லை. ஆடவன் காலில் கழல், பெண்ணின் தோளில் வளை, அவள் காலில் இன்னும் கழற்றப்படாத சிலம்பு ஆகிய மூன்றையே கண்டோர் பார்க்கின்றனர். சிலம்புகழி நோன்பு திருமணத்தை ஒட்டியது. ஆகவே சிலம்போடு செல்பவள் மணமாகாதவள், இது உடன்போக்கு என்பது தானே பெறப்படுகிறது. அதன்பின்னரே இரக்கம் பிறக்கிறது. தடயம் கண்டு, அனுமானித்து, முடிவுக்கு வந்து, அம்முடிவின் மேல் உணர்ச்சி கொள்ளுதல் என்னும் இவ்வரிசை துப்பறிவாளனின் வரிசையே. ஜோடி பார்ப்பதும் துப்புத் துலக்குவதும் வேறுவேறு வேலைகள் என்று நாம் கருதுகிறோம். அப்பாடலில் அவை ஒரே பார்வையின் இரு செயல்கள்.

பாலைக்கலியின் 9ஆம் பாட்டில் இப்பார்வைக்கு அதிகாரமும் சேர்கிறது. மகளைத் தேடிவரும் செவிலி எதிர்வரும் அந்தணரிடம் கேட்கிறாள். கண்டோம் என்கின்றனர் அவர்கள். சந்தனம் பிறந்த மலைக்கும், முத்து பிறந்த கடலுக்கும், இசை பிறந்த யாழுக்கும் பயன்படாதவாறு மகளும் உங்களுக்குப் பயன்படமாட்டாள் என்று எடுத்துக்காட்டி, அவள் சென்றது அறமே எனத் தேற்றித் தேடலை நிறுத்துகின்றனர். நாம் இதனை உடன்போக்கை ஏற்றுப் போற்றும் பாட்டாகவே படித்துவந்திருக்கிறோம், அவ்வாசிப்பு சரியானதே. ஆயினும் குற்றப்புனைவின் பக்கம் நின்று ஒரு கேள்வியைக் கேட்க இடமுண்டு. அவள் விரும்பிச் சென்றாள் என்று அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? பார்த்து அறிந்தனர். அவர்கள் கண் தவறியிருந்தால் தேடலை நிறுத்திய அச்சொல் எதுவாகியிருக்கும்?

கண்டோர் தவறக்கூடியவர் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டிவிட்டது. நாடுகாண் காதையில் கவுந்தியடிகளோடு செல்லும் கோவலனையும் கண்ணகியையும் வழியில் கண்ட இருவர், இவர்கள் யார் என வினவுகின்றனர். தம் மக்கள் என்று அடிகள் உரைத்ததும் உடன்பிறந்தார் கணவன் மனைவியாய் வாழ்வதுண்டோ எனக் கேலி பேசுகின்றனர். நரிகளாகுமாறு சபிக்கவும் படுகின்றனர். அவர்கள் ஜோடியைச் சரியாகவே கணித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தண்டனை அவர்கள் பேச்சின் இழிவுக்குரியது.

திருவண்ணாமலை வாசகருக்குக் கண்டோர் என்னும் நிலை ஏட்டில் மட்டும் இருப்பதன்று. தை 2ஆம் நாள் நடைபெறும் திருவூடலில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் இடையிலான பிணக்கு வீதியில் வைத்தே நிகழ்த்தப்படுகிறது. அம்மன் கோயிலுக்குத் திரும்பிவிட, அண்ணாமலையார் அன்றிரவு வெளியே தங்க, மறுநாள் மறுவூடல் நடக்கிறது. ஊர் திரண்டு நின்று பார்க்கிறது. அதைப் பார்த்தால் கணவன் மனைவியர் பிணக்கு நீங்கும் என்பது நம்பிக்கை. இங்குப் பார்ப்போர் வெறும் பார்ப்போர் அல்லர். அவர்கள் பார்ப்பதனால் நிகழ்வு நிறைவுறுகிறது. இணைவதைக் காண விழையும் கூட்டத்தின் விருப்பம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஜோடி என்னும் அளவுகோல்

தமிழ்த் திரைப்படம் இவ்விருப்பத்தை வணிகமாக்கியது. எம்.ஜி.ஆர்–சரோஜாதேவி, சிவாஜி–பத்மினி, ஜெமினி–சாவித்திரி என இரட்டைப் பெயர்களாகவே நடிகர்கள் நினைவில் நின்றனர். குற்றப்படங்கள் இவ்வழக்கத்தோடு வேறுவகையில் உறவாடின. பாடலே இல்லாமல் வந்த எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) கொலையுண்ட கணவனையும் மனைவியையும் சந்தேகத்தின் வழியாகவே இணைத்தது. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) இன்னும் நுட்பமான ஓர் ஏமாற்று. அதற்கு முந்தைய ஆண்டு '16 வயதினிலே' கமல்ஹாசனையும் ஸ்ரீதேவியையும் ரசிகர் மனத்தில் சேர்த்து வைத்திருந்தது. அச்சேர்க்கையின் மேல் ரசிகர் கொண்ட நம்பிக்கையே பெண்களைக் கொல்லும் ஒருவனின் வீட்டுக்குள் நாயகியை மணமகளாக அனுப்பிவைத்தது. நாயகிக்கு முன்பே பார்வையாளர் அவனுக்குச் சம்மதம் கொடுத்திருந்தனர். 'சுழல்' இந்தப் படத்தின் வாரிசு என்றே நான் கருதுகிறேன், இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் ஒற்றுமை ஏதும் இல்லாதபோதும்.

சாம்பலூரின் உடன்போக்கு

சாம்பலூர் மலைப்பாங்கான ஒரு கற்பனை ஊர். சிமெண்டு ஆலை எரிகிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) இளைய மகள், பள்ளி மாணவி நிலா (கோபிகா ரமேஷ்), காணாமற்போகிறாள். ஆய்வாளர் ரெஜினா தாமஸ் (ஸ்ரேயா ரெட்டி), உதவி ஆய்வாளர் சக்கரை எனப்படும் சக்கரவர்த்தி (கதிர்) ஆகியோர் விசாரிக்கின்றனர். ஊரைவிட்டு விலகி வாழும் மூத்த மகள் நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்) திரும்பி வருகிறாள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா.

இவ்விழாவைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. மாசி மாதச் சிவராத்திரியை ஒட்டிய அமாவாசையில் நிகழும் மயானக் கொள்ளைக்குத் தலைமையிடம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில். அது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும் திருவண்ணாமலைக்கு அண்டை ஊர். எங்கள் பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் இவ்விழா உண்டு. சிவன் கையில் ஒட்டிய பிரம்ம கபாலம் அவர் பெறும் உணவையெல்லாம் விழுங்க, அம்மன் உணவைச் சுடுகாட்டில் இறைத்துக் கபாலத்தைக் கீழிறங்கச் செய்து அடக்கினாள் என்பது கதை. இக்களத்து விழாவை மலையூர் ஒன்றுக்குத் தொடர் பெயர்த்தது பலருக்கு உறுத்தியது, உறுத்தல் நியாயமானதே. வழிபாட்டு மரபை வண்ணப் பின்னணியாக்கிய காட்சிகள் தொடரில் உள்ளன. எனினும் கதையின் உட்பொருளுக்கு வேறெந்த விழாவும் இவ்வளவு பொருந்தியிராது. உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஊட்டும் கையிலிருந்தே உண்ணும் ஒன்றை அகற்றுவது பற்றிய கதை அது.

தேடலின் ஒரு கட்டத்தில் நிலா கடத்தப்படவில்லை, ரெஜினாவின் மகன் அதிசயத்தோடு விரும்பிச் சென்றிருக்கிறாள் என்பது தெரியவருகிறது. போராட்டக் களத்தில் எதிரெதிர் நிற்கும் இருவரின் பிள்ளைகள். பார்வையாளரிடம் இங்கே நிகழும் மாற்றம் குறிப்பிடத்தக்கது. அதுவரை இருந்த அச்சம் தளர்கிறது. இரண்டு வீடுகளும் ஒப்புக்கொள்ளுமா, இருவரும் எங்கேனும் நன்றாக இருப்பார்களா என்னும் கனிவு அவ்விடத்தை நிரப்புகிறது. தொடரைப் பற்றிப் பேசுவோர் பலரும் நிலா–அதிசயம் காட்சிகளை மிக மென்மையானவை எனப் பாராட்டுவது இதனால்தான். பாலைவழிக் கண்டோரின் இரக்கம் அது.

தொடர் அந்த இரக்கத்தை வளர்த்துவிட்டு முறிக்கிறது. இருவரும் பிணமாகக் கிடைக்கின்றனர். நிலா ஓடியது ஒருவனை நோக்கி மட்டுமன்று, தன் வீட்டிலிருந்து. தந்தையின் உடன்பிறந்தவனான குணா அவளையும், அவளுக்கு முன் நந்தினியையும், சிறுவயதிலிருந்தே சிதைத்துவந்திருக்கிறான். காதல் என்பது காணாமற்போனதற்குரிய விடையாகத் தோன்றியபோது கேள்வி மாறிவிட்டது. எங்கே போனாள், யாரோடு போனாள் என்று கேட்டோம். எதிலிருந்து போனாள் என்று ஊரும் கேட்கவில்லை, காவல்துறையும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. 'ஓடிப்போய்விட்டாள்' என்னும் தொடர் தமிழ்ப் பேச்சுவழக்கில் ஒரு முடிவுரையாகப் பயன்படுகிறது; அதற்குமேல் விசாரணை வேண்டியதில்லை என்பது அதன் குறிப்பு. வசை பேசுவோரும் வாழ்த்துவோரும் இதில் வேறுபடுவதில்லை. நிலாவை வாழ்த்திய ரசிகரும் தேடலை நிறுத்தியவரே.

இது கதைக்குள் மட்டும் அடங்கும் செய்தியன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகக் கொள்கிறது. இச்சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் வழக்குகளில் பெரும்பான்மையான குற்றவாளிகள் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்களே என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. வீட்டைவிட்டு வெளியேறும் சிறுமியின் கதையில் காதலனைத் தேடும் கண், வீட்டுக்குள் இருப்பவனைத் தேடுவதில்லை.

இதே தயாரிப்பாளர்களிடமிருந்து அவ்வாண்டு டிசம்பரில் வந்த 'வதந்தி' (இயக்கம்: ஆண்ட்ரூ லூயிஸ்) இச்சிக்கலை நேராகவே தலைப்பாக்கியது. கொலையுண்ட வெலோனியைச் சுற்றி ஒவ்வொருவரும் ஓர் உறவைப் புனைகின்றனர். அகமரபு அம்பல் என்றும் அலர் என்றும் பிரித்த இரண்டும் அதில் செய்தித்தாள் அளவுக்கு வளர்கின்றன. ஆனால் 'வதந்தி'யில் பேசுவோர் ஊரார். அவர்களை நாம் எளிதாகக் கடிந்துகொள்ளலாம். 'சுழல்' அந்த வசதியை நமக்குத் தரவில்லை.

சக்கரையும் நந்தினியும்

ரசிகர் கருத்துகளில் மிக வலுவானது சக்கரையும் நந்தினியும் சேர வேண்டும் என்பது. சக்கரைக்கு இலட்சுமியோடு (நிவேதிதா சதீஷ்) திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. எனினும் இலட்சுமியை இடையூறாகவே பலர் காண்கின்றனர். இவ்விருப்பத்துக்கு நடிகர்களின் முந்தைய படங்களும் காரணம். 'கிருமி' (2015) முதல் 'பரியேறும் பெருமாள்' (2018) வரை கதிர் ஏற்ற பாத்திரங்கள் பார்வையாளரிடம் பரிவை ஈட்டியவை. பின்னதில் அன்பைச் சொல்லவும் அஞ்ச வேண்டிய நிலையில் நிற்கும் இளைஞன் அவர். 'காக்கா முட்டை'யில் (2015) இரு சிறுவர்களின் தாயாக வந்து ஐஸ்வர்யா ராஜேஷ் பெற்ற மதிப்பு வேறுவகை. இருவருக்கும் ஒரு நல்வாழ்வு கடன்பட்டிருக்கிறது என்பது போன்ற உணர்வு ரசிகரிடம் உள்ளது.

அவ்வுணர்வை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் தொடர் காட்டுவது என்ன? சக்கரை நந்தினிக்குத் தரும் மிகப் பெரிய பொருள் அவள் சொல்வதை இடைமறிக்காமல் கேட்பது. அதுவரை அவளைத் தொட்ட அன்பெல்லாம் உரிமையின் பெயரால் வந்தது: தந்தையின் உரிமை, சித்தப்பன் பெரியப்பன் என்னும் உறவின் உரிமை, ஊரின் உரிமை. உரிமை கோராமல் அருகிருக்கும் ஒருவனை அவள் முதன்முறையாகக் காண்கிறாள். அவனை உடனே காதலனாக்கிப் பார்க்க விழைவது அந்த அருகிருப்பின் அருமையைக் குறைப்பதாகும். ஆண் பெண்ணுக்கு நம்பகமானவன் என்றால் அவன் அவளுக்குரியவனாகத்தான் இருக்க வேண்டும் என்னும் பழைய கணக்கு அதில் உள்ளது. நந்தினி குணாவைக் கொல்வதோடு முதற்பருவம் நிறைவுறுகிறது. 2025 பிப்ரவரி 28 அன்று வந்த இரண்டாம் பருவமும் அவளைச் சிறைக்குள்ளும் அவனை வெளியிலும் நிறுத்திக் கதையை நகர்த்துகிறது. இதனைக் காதலைத் தள்ளிப்போடும் உத்தியாக ரசிகர் சிலர் கொள்கின்றனர். எழுத்தாளர்களுக்கும் அந்த எண்ணம் ஓரளவு இருந்திருக்கலாம். இரண்டாம் பருவம் இவ்விடத்தில் முதற்பருவத்தின் தெளிவோடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பொருத்தமும் மெய்ப்பாடும்

ஜோடிப் பொருத்தமும் நடிப்புத் திறனும் ரசிகர் பேச்சில் பிரிவதில்லை. இருவருக்கும் இடையே 'கெமிஸ்ட்ரி' இருந்தால் நடிப்பு நன்று; இல்லையேல் நடிகர் இறுக்கமாக இருக்கிறார். கல்வியாளர் இதனை நகைக்கக்கூடும். ஆனால் தலைவன் தலைவியர்க்குரிய பத்துவகை ஒப்பினைத் தொல்காப்பியர் களவியலிலோ கற்பியலிலோ வைக்கவில்லை, மெய்ப்பாட்டியலில் வைத்தார். பிறப்பு, குடி, வயது, உருவம், அருள், அறிவு முதலான ஒப்புகள், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் புலப்படுவதைப் பேசும் இயலில் இடம்பெறுகின்றன. பொருத்தம் என்பது கண்ணால் அறியப்படும் மெய்ப்பாடு என்னும் எண்ணம் இவ்வைப்புமுறைக்குள் இருக்கிறது. ரசிகர் பொருத்தத்தையும் நடிப்பையும் ஒன்றாகக் காண்பது அறியாமையால் அன்று. அது நெடிய பழக்கம்.

அப்பழக்கத்தின் போதாமை நந்தினி பாத்திரத்தில் வெளிப்படுகிறது. ஐஸ்வர்யா ராஜேஷின் நடிப்பு அடங்கிக் கிடக்கிறது, முகம் மூடியிருக்கிறது என்னும் குறையைக் கேட்கலாம். ஆனால் அவர் ஏற்றது மெய்ப்பாட்டை மறைத்தே உயிர்வாழக் கற்ற பெண்ணை. எவரேனும் நெருங்கும்போது உடம்பு சற்றே விலகுவது, வீட்டின் சில இடங்களில் நிற்காமல் கடப்பது, தங்கையைப் பற்றிய கேள்விக்குக் கோபத்தால் விடையிறுப்பது ஆகியவை முதல் பார்வையில் விறைப்பாகவும் இரண்டாம் பார்வையில் வரலாறாகவும் தெரிகின்றன. உணர்ச்சியைத் தேக்கிவைக்கும் நடிப்பை, உணர்ச்சி வெளிப்படுவதை அளக்கும் கோலால் அளக்க முடியாது.

ஸ்ரேயா ரெட்டிக்கு ஜோடி அளவுகோல் பெரும்பாலும் பொருத்தப்படவில்லை. அதனாலேயே அவருக்கு நியாயமான பாராட்டுக் கிடைத்தது எனத் தோன்றுகிறது. 'திமிரு' (2006) ஈஸ்வரியை நினைத்து வந்தவர்கள், அதிகாரத்தின் விறைப்புக்கும் தாய்மையின் தடுமாற்றத்துக்கும் இடையே அவர் நிற்பதைக் கண்டனர். பார்த்திபன் தம் வழக்கமான சொல்விளையாட்டைப் பெரிதும் கைவிட்டார். ஊருக்கு உழைத்த தொழிற்சங்கத் தலைவர், தம் கூரைக்கீழ் நடந்ததை அறியாதவர் என்னும் முரணை அவர் குரலைத் தாழ்த்தியே கொண்டுவருகிறார்.

குணாவாக நடித்தவர் இளங்கோ குமரவேல். 'பொன்னியின் செல்வன்' நாவலை மேடைக்கு எழுதியவர். பின்னர் அதன் திரைக்கதையிலும் பங்காற்றியவர். 'அபியும் நானும்' (2008) படத்தில் ஒரு குடும்பம் தெருவிலிருந்து அழைத்துவந்து தம்மவனாக்கிக்கொள்ளும் எளிய மனிதராக அவர் வந்ததை ரசிகர் மறந்ததில்லை. வீட்டுக்குள் இயல்பாக வந்துபோகும், எவரையும் அச்சுறுத்தாத அந்த உருவத்தை 'சுழல்' அப்படியே எடுத்துக்கொண்டது. அவர் தீயவனுக்குரிய அடையாளம் எதையும் முன்கூட்டித் தருவதில்லை. அன்பான சிறிய தகப்பனாக நடிப்பவனை நடிக்கிறார். அந்த இரட்டை நடிப்பில் எங்கும் தையல் தெரிவதில்லை. தொடரின் மிகக் கடினமான பணி இதுவே. ஆயினும் நடிப்பைப் பற்றிய ரசிகர் பேச்சில் இவர் பெயர் பிந்தியே வருகிறது, பலவேளைகளில் வருவதேயில்லை. ஜோடிக் கணக்கில் அவருக்கு இடமில்லை. காதலனும் அல்லர், காதலுக்கு எதிரியும் அல்லர், சேரவேண்டியவர்க்கு நடுவே நிற்பவரும் அல்லர். எட்டுப் பகுதிகளிலும் அவர் நம் கண்ணெதிரே இருந்தார்; நாம் நிலாவுக்குப் பொருத்தமானவனைத் தேடிக்கொண்டிருந்தோம்.